மண்ணின் வெப்ப விரவுதிறன்: இரு மதிப்பீடுகள் முரண்படும்போது

மண்ணுக்குள் வெப்பம் எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்று கணிக்க, இரண்டு ஆழங்களில் வெப்பமானிகளைப் புதைத்துப் பகலிரவு ஏற்றத்தாழ்வைக் குறித்துவந்தால் போதும். ஆழம் கூடக்கூட வெப்ப அலையின் வீச்சு சுருங்கும், உச்சம் தாமதமாகும். மண் சீரானது, வெப்பம் கடத்தலால் மட்டுமே நகர்கிறது என்று கொண்டால், ஃபூரியேயின் சமன்பாட்டின்படி வீச்சுச் சுருக்கத்திலிருந்து ஒரு விரவுதிறன் கிடைக்கும், தாமதத்திலிருந்து இன்னொன்று. கோட்பாட்டில் இரண்டும் ஒன்றே. களத்தில் பெரும்பாலும் அப்படி அமைவதில்லை. அப்போது சராசரி எடுத்துவிடத் தோன்றும். அந்தச் சராசரி, கைக்கு வந்த தகவலை அழித்துவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒற்றை எண்ணாகச் சுருக்குவதன் விளைவுக்குப் பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. எடின்பரோவில் 1837 முதல் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ், கால்டன் குன்றின் எரிமலைப் பாறை, ஒரு தோட்டத்து மணல், கிரெய்க்லீத் குவாரியின் மணற்கல் ஆகிய மூன்றிலும் 3, 6, 12, 24 பிரெஞ்சு அடி ஆழங்களில் வெப்பமானிகளைப் பதித்தார். கால்டன் குன்றில் 24 அடி ஆழத்துக்கு, அதாவது 7.8 மீட்டருக்கு, கோடையின் உச்சம் சென்று சேர ஜனவரி ஆயிற்று. இப்பதிவுகளை ஆராய்ந்த வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) கண்ட விரவுதிறன், மணற்கல்லில் எரிமலைப் பாறையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆயினும் 1862இல் பூமியின் வயதைக் கணிக்கையில் ஆண்டுக்கு 400 சதுர அடி என்ற ஒற்றை எண்ணையே எடுத்துக்கொண்டு 9.8 கோடி ஆண்டு என்றார். வயது விரவுதிறனுக்கு எதிர்விகிதத்தில் அமைவதால், எரிமலைப் பாறையின் எண்ணை மட்டும் இட்டால் 15 கோடியை நெருங்கும். மணற்கல்லினதை இட்டால் 5 கோடி. (2 கோடி முதல் 40 கோடி வரை அவரே இடம் விட்டிருந்தார். அவர் கணக்குப் பொய்த்ததற்குப் பெரிய காரணங்கள் வேறு.)

வீச்சுவழி, தாமதவழி மதிப்புகளிடையே முரண் எங்கிருந்து வருகிறது? முதல் சந்தேகம் புதைத்த ஆழத்தின்மீது விழும். 10 செ.மீ. இடைவெளியை 1 செ.மீ. கூட்டி எழுதினால் விரவுதிறன் 21 விழுக்காடு மிகும். ஆனால் இரு வழியிலும் ஒரே அளவில் மிகும். ஆகவே ஆழப் பிழை முரணை உண்டாக்காது. கடிகாரப் பிழை தாமதத்தை மட்டும் தொடும். அதைச் சரிபார்ப்பது எளிது. எஞ்சுபவை மண்ணின் அடுக்குகளும் நகரும் நீரும்.

நீர் ஊறும் மண்ணுக்கு 1965இல் ஸ்டால்மன் தந்த தீர்வு இங்கே உதவுகிறது. கீழ்நோக்கி ஊறும் நீர் வெப்பத்தைச் சுமந்து செல்வதால் வீச்சு குறைவாகவே சுருங்கும். ஊறல் மெதுவானால் தாமதம் அவ்வளவாக மாறாது. எனவே வீச்சுவழி மதிப்பு ஓங்கி நிற்கும். நீர் மேலேறினால் தலைகீழ். முரணின் திசையே நீரின் திசையைச் சொல்லிவிடுகிறது.

அடுக்குகளும் இதே தோற்றத்தைத் தரலாம் என்பது நியாயமான மறுப்பு. மழையற்ற வாரங்களிலும் நீடிக்கும் முரணை அடுக்குகளின் கணக்கிலும், மழைக்குப் பின் தோன்றி நீர் வடிந்ததும் மறைவதை நீரின் கணக்கிலும் வைப்பது பொருத்தம். ஈரம் கடத்துதிறனையே மாற்றிவிடும் என்பதால் (உலர் மணலில் மீட்டர்-கெல்வினுக்கு 0.3 வாட், நீர் நிறைந்தால் 2 வாட்டுக்கு மேல்) வெப்பமானிக்கு அருகே ஈரமானியும் வேண்டும். கள முடிவுகளை வெளியிடுவோர் வீச்சுவழி மதிப்பையும் தாமதவழி மதிப்பையும் தனித்தனியே அட்டவணையில் தர வேண்டும்.