சிடி நம் கையில், சாவி அவர்கள் கையில்

காசு கொடுத்து வாங்கிய கம்ப்யூட்டர் விளையாட்டைத் திறக்க இன்னொரு மென்பொருளையும் போட்டாக வேண்டும் என்ற வழக்கம், 16.11.2004 அன்று வெளிவந்த ‘ஹாஃப்-லைஃப் 2’ மூலம்தான் பெரிய அளவில் நிலைத்தது. கடையில் 5 சிடிகளாக விற்றார்கள். ஐந்தையும் ஏற்றினாலும் விளையாட முடியாது. தயாரித்த வால்வ் நிறுவனத்தின் ‘ஸ்டீம்’ மென்பொருளை நிறுவி, கணக்குத் தொடங்கி, இன்டர்நெட் வழியாக அனுமதி வாங்க வேண்டும். வெளியான சமயத்தில் சர்வர் திணறி, பணம் கட்டியவர்களே காத்துக் கிடந்தார்கள்.

நம் நாட்டின் பிராட்பேண்ட் கொள்கையே அதற்கு ஒரு மாதம் முன்புதான் வந்தது. அதில் 256 கேபிபிஎஸ் வந்தாலே பிராட்பேண்ட்! பி.எஸ்.என்.எல். அந்த இணைப்பைத் தரத் தொடங்கியது 2005 ஜனவரியில். அதுவரை மீஞ்சூர் போன்ற ஊர்களில் டயல்-அப்தான். இன்டர்நெட் ஓடும் நேரமெல்லாம் வீட்டு போன் எங்கேஜ்டு, பில்லும் ஏறும்.

வேகத்தைக்கூட விடுங்கள். படித்து முடித்த புத்தகத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம், பழைய புத்தகக் கடையில் போடலாம். இந்த விளையாட்டோ வாங்கியவர் கணக்கோடு ஒட்டிக்கொண்டது; கணக்கைப் பிறருக்கு மாற்ற விதி இடம் தரவில்லை. 2009-ல் ஆக்டிவிஷன் என்ற வேறு நிறுவனம் வெளியிட்ட ‘மாடர்ன் வார்ஃபேர் 2’வுக்கும் ஸ்டீம் கட்டாயமானது.

ஜெர்மனியில் நுகர்வோர் அமைப்பு ஒன்று ஹாஃப்-லைஃப் 2 விஷயமாக வழக்கே போட்டது. 2010 பிப்ரவரியில் கூட்டாட்சி நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. சிடியை விற்கத் தடையில்லையாம்; வாங்கியவரால் விளையாட முடியாது என்பது வேறு விஷயமாம்!