வெள்ளியம்பலத்து நர்த்தகி

 பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோர் ஆடல்களை வகுப்பில் மனப்பாடம் செய்தது நினைவிருக்கிறதா? அவற்றுள் ஒன்று பேடியாடல். காமன் பேடிக் கோலத்தில் ஆடியது. அந்தக் கோலத்துக்கு நம் ஆடல் மரபில் அன்றே இடம் இருந்தது. ஆனால் அப்படியே பிறந்த ஒரு பிள்ளைக்கு வீட்டிலும் ஊரிலும் இடமில்லாமல் போனது. நமக்குப் பக்கத்து மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ் அவர்களின் வரலாறு இது.

அனுப்பானடியில் பிறந்தவர். வைஜெயந்திமாலாவின் படங்களைப் பார்த்துப் பார்த்தே நடனத்தின் மேல் ஆசை கொண்டார். ஆண் பிள்ளை என்று வளர்த்தார்கள். உள்ளே இருந்ததோ பெண். கேலியும் கண்டிப்பும் தாங்காமல் இளமையிலேயே வீட்டைப் பிரிய நேர்ந்தது. உடன் நின்றவர் அவரைப் போலவே திருநங்கையான பள்ளித் தோழி சக்தி. இன்று வரை அந்தத் துணை தொடர்கிறது.

இருவரும் தேடிப் போனது தஞ்சை கே.பி. கிட்டப்பா பிள்ளையை. சாதாரண வாசல் அல்ல அது. இரண்டாம் சரபோஜி அவையில் இருந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வரின் வழிவந்தவர் அவர். அலாரிப்பு, ஜதீஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இன்றும் மேடையில் நாம் காணும் வரிசையை அமைத்தவர்கள் அந்த நால்வர். வைஜெயந்திமாலாவுக்கும் கற்றுக்கொடுத்தவர் கிட்டப்பா பிள்ளை.

காலத்தையும் கவனியுங்கள். 1947இல் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. அதற்கு முன்பிருந்தே இந்தக் கலை, அதைக் காத்த இசை வேளாளர் குடும்பங்களின் கையை விட்டு, வசதியுள்ள வீட்டுப் பெண்களிடம் போய்க்கொண்டிருந்தது. அரங்கேற்றம் என்றாலே பெருஞ்செலவு. அப்படியொரு காலத்தில் பணமோ, பெற்றோர் துணையோ இல்லாத இருவர் போய் நின்றார்கள். அவர் உடனே ஏற்கவில்லை. காத்திருக்க வைத்துச் சோதித்துத்தான் எடுத்துக்கொண்டார். 'நர்த்தகி' என்ற பெயரும் அவர் சூட்டியதே. 1999இல் குரு மறையும் வரை சுமார் பதினைந்து ஆண்டுகள் குருகுல வாசம்.

நர்த்தகியின் தனிச்சிறப்பு நாயகி பாவம். நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும், திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் நின்று பாடியதை நீங்கள் படித்திருக்கிறீர்கள். ஆணாகப் பிறந்து பெண்ணாக உருகிய அந்தத் தமிழை மேடைக்குக் கொண்டுவர இவரை விடப் பொருத்தமானவர் யார்?

தம் நாட்டியப் பள்ளிக்கு அவர் வைத்த பெயர் வெள்ளியம்பலம். மீனாட்சியம்மன் கோயிலின் வெள்ளியம்பலத்தில், பாண்டியன் வேண்டியதற்காக நடராசர் கால் மாறி ஆடினார் அல்லவா? மற்ற தலங்களில் இடக்காலைத் தூக்கி ஆடுபவர் இங்கே வலக்காலைத் தூக்கி நிற்கிறார். மாறி நின்றதால் தெய்வம் குறைந்துவிடவில்லை, அதைத்தான் கும்பிடுகிறோம்.

விருதுகள் பிறகு வந்தன. கலைமாமணி, சங்கீத நாடக அகாதெமி விருது, 2019இல் பத்மஸ்ரீ. அந்த விருதைப் பெற்ற முதல் திருநங்கை இவரே. 2021இல் தமிழக அரசின் வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் உறுப்பினரானார். மூன்றாம் பாலினத்தை உச்ச நீதிமன்றம் அங்கீகரித்தது 2014இல்தான். கிட்டப்பா பிள்ளை அதற்கெல்லாம் பல ஆண்டுகள் முன்பே முடிவெடுத்துவிட்டார். சட்டம் சொல்லி அவர் கதவைத் திறக்கவில்லை.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், பலர் பெற்றோர். அப்படி ஒரு பிள்ளை உங்கள் வகுப்பிலோ வீட்டிலோ இருந்தால், திருத்தப் பார்க்காதீர்கள். அதற்கு எது நன்றாக வரும் என்று பாருங்கள். வீட்டை விட்டுப் போகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் தஞ்சாவூரில் ஒரு குரு கிடைப்பதில்லை.