கடல் கடந்த காசோலை: அமெரிக்க வரித் திருப்பத் தொகையும் அயல்நாட்டவரும்

வரி என்பது அரசுக்குச் செலுத்தப்படுவது என்றே பொதுவாக எண்ணப்பட்டாலும், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அமெரிக்க வருமான வரியில் பணம் எதிர்த்திசையிலும், அதாவது அரசின் கருவூலத்திலிருந்து தனிமனிதரின் கைக்கும், பெரும் அளவில் சென்றுவந்திருக்கிறது. ரீஃபண்ட் என்று வழக்கில் சொல்லப்படும் இந்த வரித் திருப்பத் தொகை, நீண்ட காலம் கருவூலக் காசோலை என்னும் காகித வடிவத்திலேயே அனுப்பப்பட்டது. அதைப் பெறுபவர் அமெரிக்க மண்ணிலேயே இருப்பார், அங்கேயே வங்கிக் கணக்கு வைத்திருப்பார் என்ற நினைப்பில் உருவான ஏற்பாடு அது. சில ஆண்டுகள் உழைத்தோ படித்தோ சொந்த நாடு திரும்பிய அயல்நாட்டவர் அந்தக் காசோலையைப் பணமாக்கப் பட்ட பாட்டுக்குப் பெரும்பாலும் இந்த நினைப்பே காரணம். அவருக்குரிய பணம் என்று சட்டம் ஒப்புக்கொண்டது. ஆயினும் அது அவர் கைக்கு வந்து சேரும் வழியின் செலவையும் காலத்தையும் இடரையும் சட்டம் அவர் தலையிலேயே சுமத்தியது.

திருப்பித் தர வேண்டிய நிலை வருவதற்கு முதலில் கூடுதலாகப் பிடித்திருக்க வேண்டும். சம்பளம் கைக்கு வருமுன்னரே வரியைக் கழித்துக்கொள்ளும் முறை, இந்தியாவில் டி.டி.எஸ். என்று அறியப்படும் மூலத்திலேயே பிடித்தம், அமெரிக்காவில் 1913-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திலேயே இடம்பெற்றிருந்தது. அரசமைப்பின் 16-ஆவது திருத்தம் நிறைவேறிய அதே ஆண்டில் வந்த அந்த ஏற்பாடு முதலாளிகளுக்குத் தொல்லையாக இருந்ததால், 1917-இல் உள்நாட்டவரைப் பொறுத்தவரை கைவிடப்பட்டது. அமெரிக்காவில் நிலையாக வசிக்காத அயல்நாட்டவரின் வருவாய்க்கு மட்டும் அது தொடர்ந்தது. குடிமகன் ஆண்டு முடிந்தபின் தானே கணக்குக் காட்டிக் கட்டுவான் என்று நம்பிய அரசு, அயலானிடம் அந்த நம்பிக்கையை வைக்கவில்லை. அவன் போய்விட்டால் பிடிக்க முடியாது என்பதே அதன் கவலை. ஆகவே குடிமக்களில் பெரும்பாலோர் பிடித்தம் என்பதை அறியும் முன்னரே, கால் நூற்றாண்டுக் காலம் அயல்நாட்டவர் அதற்கு ஆட்பட்டிருந்தனர். இந்த ஏற்பாட்டின் வரலாற்றில் மிகக் குறைவாகப் பேசப்படும் செய்தி இதுவே எனலாம்.

இரண்டாம் உலகப்போரின் செலவு நிலைமையை மாற்றியது. 1939-இல் ஏறத்தாழ 40 இலட்சமாக இருந்த வருமான வரி செலுத்துவோர் எண்ணிக்கை, 1945-க்குள் 4 கோடியைத் தாண்டியது. தொழிற்சாலைக் கூலியாளரும் வரி வலைக்குள் வந்துவிட்ட நிலையில், அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில் மொத்தமாகக் கட்டும் பழைய முறை இனிச் சரிப்படாது என்று கண்டு, பியர்ட்ஸ்லி ரம்ல் என்னும் வணிகத் தலைவர் பரப்பிய யோசனையை ஒட்டி, 1943 ஜூன் 9-இல் நடப்பு வரி செலுத்தல் சட்டம் இயற்றப்பட்டது. ஜூலை 1 முதல் ஒவ்வொரு சம்பளத்திலும் வரி பிடிக்கப்பட்டது. பிடித்தம் என்பது உத்தேசக் கணக்கு. ஆண்டின் பாதியில் வேலையை விட்டவருக்கும், குடும்பச் சுமை கூடியவருக்கும் அது உரிய வரியைவிட மிகுதியாகவே இருக்கும். எனவே ஆண்டுதோறும் மிகைத் தொகையைத் திருப்பித் தரும் பெரும் வேலை, பிடித்தத்தின் மறுபக்கமாக அரசின் தலையில் விழுந்தது.

அதே 1943-ஆம் ஆண்டில்தான், கருவூலக் காசோலை என்பது எத்தகைய தாள் என்பதை வரையறுத்த வழக்கும் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. 1936 ஏப்ரல் 28 தேதியிட்ட, 24 டாலர் 20 சென்ட் மதிப்புள்ள அரசுக் கூலிக் காசோலை ஒன்று உரியவரிடம் சேரவில்லை. அதைக் கைப்பற்றிய யாரோ ஒருவர் பின்புறத்தில் பொய்க் கையொப்பமிட்டு, பென்சில்வேனியா மாநிலத்தின் கிளியர்ஃபீல்டு ஊரில் ஒரு கடையில் கொடுத்துப் பணமாக்கிக்கொண்டார். கடை அதை வங்கியிடம் கொடுக்க, வங்கி அதை ஃபெடரல் ரிசர்வ் வங்கிக்கு அனுப்பியது. மோசடி பற்றி அரசு அந்த வங்கிக்குத் தெரிவித்ததோ அடுத்த ஆண்டு ஜனவரியில்தான். இருந்தும் உச்ச நீதிமன்றம், அரசின் காசோலைகளுக்கு மாநிலச் சட்டம் பொருந்தாது, நாடு முழுமைக்குமான கூட்டாட்சி நெறியே பொருந்தும் என்றும், தாமதத்தால் தனக்குக் கேடு விளைந்தது என்று வங்கி காட்டாதவரை பணத்தைத் திருப்பித் தர அது கடமைப்பட்டது என்றும் தீர்ப்பளித்தது. கையொப்பம் பொய்யானால் இழப்பு அரசுக்கன்று, அதை ஏற்று முன்வைத்த வங்கிக்கே என்ற இந்த நெறி, பிற்காலத்தில் வெளிநாட்டு வங்கிகள் கருவூலக் காசோலையைக் கண்டாலே தயங்கியதற்கு அடிப்படைக் காரணங்களுள் ஒன்று. காசோலைக்குப் பணம் கொடுத்த பிறகும் கருவூலம் அதை ஆராய்ந்து, குறை கண்டால் பொதுவாக ஓராண்டுக்குள் வங்கியிடம் தொகையைத் திரும்பக் கேட்கலாம். பென்சில்வேனியாக் கடைக்காரர் தம் வாடிக்கையாளரை ஓரளவேனும் அறிந்திருப்பார். பல்லாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள வங்கி மேலாளருக்கு, எதிரே நிற்பவரின் கையொப்பத்தைத் தவிர வேறு பிடிமானம் இல்லை.

போர்க்காலம் இன்னொரு தடையையும் விட்டுச் சென்றது. 1940 ஏப்ரலில் ஜெர்மனி டென்மார்க் மீதும் நார்வே மீதும் படையெடுத்ததும் அந்நாட்டுச் சொத்துகளை அமெரிக்கா முடக்கியது. அதே ஆண்டு அக்டோபர் 9-இல் வந்த சட்டம், எந்த நாட்டில் காசோலை உரியவர் கையில் போய்ச் சேரும், அதன் முழு மதிப்பும் அவருக்குக் கிடைக்கும் என்ற உறுதி இல்லையோ, அந்த நாட்டுக்கு அரசுக் காசோலை அனுப்பக்கூடாது என்று விதித்தது. அப்படி நிறுத்தப்பட்ட தொகை, நிறுத்திவைக்கப்பட்ட வெளிநாட்டுக் காசோலைகளின் தொகை என்ற பெயரில் கருவூலத்தில் தனிக் கணக்கில் வைக்கப்படும். போர் முடிந்தபின் பனிப்போர்க் காலத்தில் சோவியத் ஒன்றியமும் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் பலவும் இந்தப் பட்டியலில் இடம்பெற்றன. பின்னர் பட்டியல் சுருங்கி, கியூபாவும் வட கொரியாவும் மட்டுமே எஞ்சின. பணம் பெறுபவரைக் காக்கும் நோக்கில் எழுதப்பட்ட சட்டம் என்பதில் ஐயமில்லை. ஆனால் எங்கோ ஒரு கிழக்கு ஐரோப்பிய ஊரில் காத்திருந்த முதியவருக்கு, தம் பணம் வாஷிங்டனில் பத்திரமாக இருக்கிறது என்ற செய்தியால் அடுப்பு எரிந்திருக்காது.

அயல் உழைப்பாளியின் ஊதியத்தில் பிடித்ததை அவர் ஊர் திரும்பியபின் கொடுக்கும் ஏற்பாடு எவ்வளவு மோசமாகத் தவறக்கூடும் என்பதற்கு, வரியோடு நேரடித் தொடர்பற்றதாயினும், பிராசேரோ திட்டத்தைவிடத் தெளிவான சான்று கிடையாது. 1942 ஆகஸ்டில் அமெரிக்காவும் மெக்சிகோவும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, அமெரிக்க வயல்களுக்கும் இரயில் பாதைகளுக்கும் மெக்சிகோத் தொழிலாளர் அழைத்துவரப்பட்டனர். திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் அவர்தம் கூலியில் பத்து விழுக்காடு சேமிப்பு என்ற பெயரில் பிடிக்கப்பட்டு, வங்கிகள் வழியாக மெக்சிகோவுக்கு அனுப்பப்பட்டது. வேலை முடிந்து ஊர் திரும்பியதும் அதைப் பெற்றுக்கொள்ளலாம் என்பது வாக்கு. திரும்பியவர்களில் மிகப் பலருக்கு அது கிடைக்கவில்லை. அப்படி ஒரு பிடித்தம் இருந்தது என்பதே பலருக்குத் தெரியாது. அறுபது ஆண்டுகளுக்குப் பின், வழக்குகளும் போராட்டங்களும் நடந்தபிறகு, 2005-இல் மெக்சிகோ அரசு ஒரு நிதியம் அமைத்து, தகுதியுள்ள முன்னாள் தொழிலாளருக்கு ஆளுக்கு 38,000 பெசோ தர முன்வந்தது. அதைப் பெறப் பழைய ஒப்பந்தத் தாளைக் காட்ட வேண்டியிருந்தது. வயலில் வேலை செய்து காலம் கழித்த எத்தனை குடும்பங்களில் அத்தகைய தாள் அறுபது ஆண்டு பிழைத்திருக்கும்?

வரித் திருப்பம் இந்த அளவு கைவிடப்பட்டதில்லை. எனினும் போகிறவரிடமிருந்து வர வேண்டியதில் காட்டிய கவனத்தை, போகிறவருக்குக் கொடுக்க வேண்டியதில் அமெரிக்கச் சட்டம் காட்டவில்லை என்றே சொல்ல வேண்டும். நாட்டை விட்டுச் செல்லும் அயல்நாட்டவர், விலக்குப் பெற்ற சில வகையினர் நீங்கலாக, வரிப் பாக்கி இல்லை என்ற சான்றிதழ் பெற வேண்டும் என்பது விதி. கப்பல் யுகத்தில் பிறந்த அந்தச் சான்றிதழ் விமான யுகத்திலும் கப்பல் பயண அனுமதி என்ற பழைய பெயராலேயே வழங்குகிறது. பாக்கி இருந்தால் துறைமுகத்திலேயே தெரிந்துவிட வேண்டும் என்று கருதிய சட்டத்தில், மிகை இருந்தால் அங்கேயே கொடுத்து அனுப்ப வழி செய்யப்படவில்லை. வரி ஆண்டு டிசம்பர் 31-இல் முடிந்து, அடுத்த ஆண்டு கணக்குத் தாக்கல் செய்து, அது பரிசீலிக்கப்பட்ட பின்னரே காசோலை எழுதப்படும். ஆகஸ்டில் ஊர் திரும்பியவருக்கு மறு ஆண்டுக் கோடையில் அஞ்சல் வரும். அதற்குள் அவர் அங்கிருந்த வங்கிக் கணக்கை மூடியிருப்பார், வீட்டு முகவரியையும் விட்டிருப்பார்.

தமிழ்நாட்டுக்கு இந்த வரலாறு நெருங்கி வந்தது 1990-களில். 1989 செப்டம்பரில் கையெழுத்தாகி 1990 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த இந்திய-அமெரிக்க வரி உடன்படிக்கையின் 21-ஆவது பிரிவு, அமெரிக்காவில் படிக்கும் இந்திய மாணவருக்கு ஒரு சலுகையைத் தந்தது. வசிப்பாளர் அல்லாத பிற நாட்டு மாணவருக்குப் பொதுவாகக் கிடைக்காத நிலைக் கழிவு, அதாவது செலவுக் கணக்கு காட்டாமலே வருமானத்தில் கழித்துக்கொள்ளத்தக்க நிலையான தொகை, இந்திய மாணவருக்குக் கிடைத்தது. ஆராய்ச்சி உதவியாளராகச் சிறு ஊதியம் பெற்ற மாணவரின் பிடித்தத்தில் பெரும்பகுதி இதனால் திரும்பக் கிடைக்கும் தொகையாயிற்று. 1990-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தால் உருவான எச்-1பி விசாவில் சென்ற கணினிப் பொறியாளரும் இவர்களோடு சேர்ந்தனர். ஒப்பந்தம் முடிந்து சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ திரும்பியவரின் பெயருக்கு, டாலரில் எழுதிய காசோலை தபாலில் வரத் தொடங்கியது.

அந்தக் காசோலையைக் கூர்ந்து பார்த்தால், அதை வடிவமைத்தவர்களின் அச்சம் முழுவதும் கள்ளக் காசோலையைப் பற்றியதே என்பது விளங்கும். 1985-இல் பழைய பச்சை நிற அட்டைக் காசோலைக்கு மாற்றாக வந்த பலவண்ணத் தாளில் சுதந்திரதேவி சிலையின் உருவம் இருந்தது. பிற்கால வடிவத்தில், வெளிச்சத்தில் பிடித்தால் இரு பக்கமும் தெரியும் நீர்க்குறி இருந்தது. கருவூல முத்திரையின் மை ஈரம் பட்டால் சிவப்பாகக் கசியும். பின்புறத்தில் கையொப்பமிட வேண்டிய கோடு வெறுங்கண்ணுக்குக் கோடாகத் தெரிந்தாலும், உருப்பெருக்கியில் நாட்டின் சுருக்கப் பெயர் இடைவிடாமல் அச்சிட்ட எழுத்துவரியாகத் தெரியும். இவற்றைச் சரிபார்க்கும் பயிற்சி பெற்ற எழுத்தர் எந்த இந்தியக் கிளையிலும் எளிதில் கிடைப்பதில்லை. முகப்பில் இருந்த இன்னொரு வாசகம் அனைவருக்கும் புரிந்தது: ஓராண்டுக்குப் பின் செல்லாது. 1987-ஆம் ஆண்டு வங்கிச் சட்டத்தின் விளைவாக, 1989 அக்டோபர் 1 முதல் எழுதப்பட்ட கருவூலக் காசோலைகளுக்கு இந்த வரம்பு வந்தது. அதற்கு முன் அவற்றுக்குக் காலவரம்பே இல்லை. தாள் செல்லாமல் போனாலும் உரிமை போகாது, வேறு காசோலை கேட்கலாம் என்றாலும், கடலுக்கு இப்பாலிருந்து அதைக் கேட்டுப் பெறுவது மற்றோர் ஆண்டு வேலை.

உள்ளூர் வங்கி அத்தகைய காசோலையைப் பெரும்பாலும் கலெக்‌ஷன் என்னும் வசூல் முறையிலேயே ஏற்றது. வாடிக்கையாளருக்கு உடனே பணம் தரப்படாது. காசோலை தலைமைக் கிளைக்கும், அங்கிருந்து கூரியரில் நியூயார்க்கில் உள்ள தொடர்பு வங்கிக்கும் செல்லும். அங்கே இந்திய வங்கி தன் பெயரில் வைத்திருக்கும் நாஸ்ட்ரோ என்னும் டாலர் கணக்கில் தொகை வரவாகி, அச்செய்தி திரும்பி வந்தபின், வாங்கும் விலைக்கு ரூபாயாக மாற்றப்பட்டு, இரு முனையிலும் கட்டணம் கழிக்கப்பட்டு, எஞ்சியது கணக்கில் ஏறும். இதற்கு வாரக்கணக்கில் ஆகும். தொகை சிறியதானால் கட்டணம் போக மிஞ்சுவது சொற்பமே. 1973-ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் நடப்பில் இருந்தவரை, கிடைத்த டாலரை அனுமதி பெற்ற வங்கியிடம் விற்றே ஆக வேண்டும் என்ற கண்டிப்பும் இதனோடு சேர்ந்திருந்தது. 2000 ஜூனில் நடைமுறைக்கு வந்த அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் அந்த இறுக்கத்தைத் தளர்த்தியது.

தமிழருக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. குடும்பப் பெயர் வைக்கும் வழக்கமில்லாத தமிழர், தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக முன்னே போட்டுத் தம் பெயரை எழுதுவர். கடவுச்சீட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவில் முதற்பெயர் அறியப்படவில்லை என்பதைக் குறிக்கும் எஃப்.என்.யு. என்ற மூன்றெழுத்து அவர் பெயரின் பகுதியாகவே அச்சாகிவிடும். அங்கிருந்து அது பிற ஆவணங்களுக்கும் பரவும். தந்தை பெயர் கடைசியில் நீண்டு நிற்கும் காசோலையை, தலைப்பெழுத்து முன்னே நிற்கும் சேமிப்புக் கணக்கில் போட வந்தவரிடம், இருவரும் ஒருவரே என்பதற்குச் சான்று கேட்டதற்காக வங்கி ஊழியரைக் குறை சொல்ல முடியாது. பொய்க் கையொப்பத்தின் இழப்பு யார் தலையில் விழும் என்பது 1943-லேயே முடிவான செய்தி.

பின்னர் காசோலை உலகம் மாறியது. 2001 செப்டம்பர் தாக்குதலை அடுத்து விமானங்கள் நின்றபோது, அமெரிக்காவுக்குள்ளேயே காசோலைக் கட்டுகள் நகர முடியாமல் தேங்கின. அதன் பாடமாக 2003-இல் இயற்றப்பட்டு 2004 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டம், தாளுக்குப் பதில் அதன் பிம்பத்தை வைத்தே வங்கிகள் கணக்குத் தீர்க்க வழி செய்தது. இந்தியாவிலும் 2008-இல் டெல்லியில் தொடங்கி 2011-இல் சென்னைக்கு வந்த காசோலைப் பிம்ப முறையால், உள்நாட்டுக் காசோலை ஊர் விட்டு ஊர் போவது குறைந்தது. வெளிநாட்டுக் காசோலை மட்டும் கூரியர் பையிலேயே பயணம் செய்தது. ஐரோப்பாவில் யூரோசெக் என்னும் பொதுக் காசோலைக்கு வங்கிகள் தந்துவந்த உத்தரவாதம் 2001 இறுதியோடு முடிந்தபின் பல நாடுகளில் காசோலை வழக்கே அருகியது. 2020-இல் பெருந்தொற்று நிவாரணமாக 1,200 டாலர் காசோலைகள் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டபோது, அவற்றில் சில, எப்போதோ அங்கே வேலை செய்து திரும்பிய அயல்நாட்டவருக்கும் தவறுதலாகப் போய்ச் சேர்ந்தன. ஆஸ்திரியாவில் முதியவர் சிலர், உரிமையில்லாத அந்தக் காசோலைகளை உள்ளூர் வங்கியில் பணமாக்கியதாகச் செய்தி வந்தது. உரிமையுள்ள தொகைக்காகக் காத்து நின்ற எத்தனையோ பேருக்கு வாய்க்காத எளிமை அது.

2025 மார்ச் 25-இல் வெளியான அதிபர் ஆணை, அவ்வாண்டு செப்டம்பர் 30-உடன் அரசின் காகிதக் காசோலைகளை முடிவுக்குக் கொண்டுவரப் பணித்தது. தனிநபர் வரித் திருப்பத்தில் காகிதத்தைப் படிப்படியாக விலக்கும் வேலை அந்தத் தேதியிலிருந்து தொடங்கியது. விதிவிலக்குகள் சிலவும் வைக்கப்பட்டன. அமெரிக்க வரித்துறையின் நேரடி வரவு முறையோ, காலங்காலமாக அமெரிக்க வங்கிக் கணக்குகளுக்கு மட்டுமே உரியதாக இருந்துவந்தது. சென்னையிலுள்ள கணக்கின் எண்ணை எழுத அந்த வரிப் படிவத்தில் இடமில்லை. காசோலையாவது, எவ்வளவு தாமதமானாலும், எவ்வளவு கழிவுக்குப் பின்னாலும், முகவரி எழுதினால் கடல் கடந்து வரக்கூடிய ஒன்றாக இருந்தது. இனி அங்கே படித்து முடித்து ஊர் திரும்பும் மாணவர், தம் கடைசி ஆண்டு ரீஃபண்ட் வந்து சேரும்வரை அமெரிக்காவில் ஒரு வங்கிக் கணக்கை மூடாமல் வைத்திருக்க வேண்டியவராகிறார்.