கார் ரேடியோவில் கேட்கும் அந்தக் 'கொர்ர்ர்...'

வணிகவியல் படிக்கிறவனுக்கு ரேடியோவைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கலாம். ஒன்றும் தெரியாமல்தான் இருந்தேன். ஒரு புயல் வந்து தேடிப் படிக்க வைத்தது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் எங்கள் பேராவூரணிப் பகுதியில் தென்னந்தோப்பு தோப்பாகச் சாய்ந்து கிடந்தது. கரண்ட் இல்லை, டவர் இல்லை. தெருவில் உயிரோடு இருந்த ஒரே பேட்டரி அப்பாவின் வாடகைக் காரில்தான். லைட்டர் துவாரத்தில் சார்ஜரைச் செருகி ஆளாளுக்கு செல்போன் சார்ஜ் போட்டோம். அதே காரில் செய்தி கேட்க அப்பா திருச்சி வானொலியைத் திருப்பினால் ஒரே கொர்ர்ர்... பக்கத்து வீட்டுப் பெரியப்பா, "ஸ்டேஷனே போயிருச்சுப்பா" என்று சொல்லிவிட்டார். கொஞ்ச நேரம் யோசித்த அப்பா, "தம்பி, அந்த சார்ஜரைப் புடுங்குடா" என்றார். பிடுங்கினேன். கணீரென்று செய்தி வந்தது!

செல்போனா, செய்தியா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடிந்தது. இது ஏன் என்று தேடப் போனால் கதை 130 வருஷத்துக்கு மேல் பின்னால் போகிறது.

1887-ல் ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் முதன்முதலாக ரேடியோ அலையை உண்டாக்கிக் காட்டியது எதை வைத்துத் தெரியுமா? ஒரு மின்பொறி. இரண்டு உலோக உருண்டைகளுக்கு நடுவே பொறி பறந்தால் அலை கிளம்பும். பிறகு மார்க்கோனி கடல் தாண்டிச் செய்தி அனுப்பியதும் பொறியை வைத்துத்தான். பெட்ரோல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் செய்கிற வேலையும் அதுவேதான். அதாவது, ஒவ்வொரு பெட்ரோல் காரும் தனக்குள் ஒரு பழைய காலத்து ஒலிபரப்பு நிலையத்தை வைத்துக்கொண்டு ஓடுகிறது. அதற்குள்ளேயே ரேடியோவை வைத்தால் என்ன ஆகும்?

1930-ல் அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் மாட்டியது இந்தச் சிக்கலில்தான். அவர்கள் விற்ற கார் ரேடியோவின் பெயர் மோட்டோரோலா. நமக்குச் செல்போனாகத் தெரிந்த பெயர் பிறந்தது காரில்! விலை 110 டாலருக்குக் குறையாது. ரேடியோவைப் பொருத்துவதை விட இரைச்சலை அடக்குவதுதான் பெரிய பாடாக இருந்தது. பிளக் வயரில் ரெசிஸ்டர், டைனமோவில் கண்டென்சர், தகரக் கவசம் என்று ஒவ்வொன்றாகப் போட்டு அடக்கினார்கள். இன்றைக்கும் பல பிளக்குகளின் நம்பருக்கு நடுவே 'ஆர்' என்ற எழுத்து இருக்கும். உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது என்று அர்த்தம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அன்று இரைச்சலை அது பிறக்கிற இடத்திலேயே பிடித்தார்கள் என்பது. 1934-ல் பல நாட்டினர் பாரீஸில் கூடி, மின்சாதனங்கள் கிளப்பும் ரேடியோ இரைச்சலுக்கு வரம்பு கட்டுவதற்கென்றே ஒரு குழு அமைத்தார்கள். பிறகு வந்த பண்பலை, அலையின் உயரத்தைப் பார்க்காமல் அதிர்வெண் மாற்றத்தை மட்டும் பார்ப்பதால் இந்த இரைச்சலிலிருந்து பெரும்பாலும் தப்பித்தது. சென்னைக்குப் பண்பலை வந்தது 1977-ல். ஆனால் பண்பலை தூரம் போகாது. மத்திய அலைதான் தரையோடும் கடலோடும் ஒட்டி வெகுதூரம் போகும். இலங்கை வானொலி பாக் நீரிணையைத் தாண்டி எங்கள் ஊர் டீக்கடைகளில் உள்ளூர் நிலையம் போல ஒலித்தது அதனால்தான்.

சரி, சார்ஜருக்கு வருவோம். எங்களுடையது டீசல் கார், ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அப்புறம் எப்படி இரைச்சல்? கார் பேட்டரி 12 வோல்ட், போனுக்கு வேண்டியது 5 வோல்ட். மிச்சம் 7 வோல்ட்டைச் சூடாக்கி வீணடிக்காமல் இருக்க, சார்ஜர் மின்சாரத்தை நொடிக்கு லட்சக்கணக்கான தடவை வெட்டி வெட்டி விடுகிறது. வீணைக் கம்பியை மீட்டினால் ஒரு சுரத்தோடு மேல் சுரங்களும் சேர்ந்து ஒலிக்கும் அல்லவா? அதுபோல இந்த வெட்டலின் மடங்குகளும் கிளம்பும். உதாரணத்துக்கு நொடிக்கு 1,56,000 வெட்டு என்றால், ஆறாவது மடங்கு 9,36,000. திருச்சி வானொலியின் மத்திய அலை 936 கிலோஹெர்ட்ஸ். நேராக அதன் தலையிலேயே போய் உட்காரும்!

இதை அடக்கச் சார்ஜருக்குள் ஒரு சின்னச் சுருளும் சில கண்டென்சர்களும் போதும். எங்களுடைய மலிவு சார்ஜரில் அவற்றைச் சரியாகப் போட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். எங்கள் பொருளாதாரப் பாடத்தில் 'புறச்செலவு' என்று ஒன்று வரும். ஆலைக்காரர் மிச்சம் பிடிப்பார், கழிவுநீருக்கான விலையை ஆற்றோரத்தில் இருப்பவர் கொடுப்பார். அதே கணக்குதான் இதுவும்.

செருகியிருப்பதை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தாலே குற்றவாளி சிக்கிவிடும். கேமரா, எல்.இ.டி. விளக்கு எதுவாகவும் இருக்கலாம். வேறு நல்ல சார்ஜர் போடலாம், வயரை ஏரியலை விட்டுத் தள்ளி வைக்கலாம், அல்லது சார்ஜரை ஒட்டியே வயரில் ஃபெரைட் வளையத்தை மாட்டலாம். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கக் கூடுகிற 'ஙொய்' சத்தம் மட்டும் வேறு, அது ஆல்டர்னேட்டர் வேலை.

இப்போது மின்சாரக் கார்களிலும் இதே தலைவலி. மோட்டார் இரைச்சலைக் காரணம் காட்டிச் சில கம்பெனிகள் மத்திய அலை ரேடியோவையே எடுத்துவிட்டன. 2023-ல் ஃபோர்டும் புதிய கார்களில் எடுக்கப் போவதாகச் சொன்னது. புயல், வெள்ள எச்சரிக்கை எப்படிப் போய்ச் சேரும் என்று அமெரிக்க அரசியல்வாதிகள் கேட்டதும், அதே வருஷம் மே மாதம் முடிவை மாற்றிக்கொண்டது. அந்தக் கேள்வியைப் படித்தபோது எங்கள் தெருவும், காரைச் சுற்றி நின்ற கூட்டமும்தான் கண்முன் வந்தன.

அப்பாவின் காரில் இப்போது வேறு சார்ஜர், வயரில் ஒரு கறுப்பு வளையம். ஆனாலும் ஐப்பசி பிறந்துவிட்டால், ரேடியோ போடுவதற்கு முன் அதைப் பிடுங்கி டாஷ்போர்டில் வைத்துவிடுகிறார்.