பிரபாத் டாக்கீஸ்: குத்தகைக் கொட்டகை ஒன்றின் வரலாறு

பள்ளிகள் திறக்கும் ஜூன் மாதத்தில், பாடப் புத்தகங்களைத் தேடி அப்பா பல்வந்த் சௌக்கிற்குச் செல்லாத தமிழ்க் குடும்பம் புனேயில் இருத்தல் அரிது. புத்தகக் கட்டுடன் வீடு திரும்பும் அவசரத்தில், அச்சௌக்கின் அருகே எழுந்த பழைய திரைப்படக் கொட்டகையை நம்மில் பலர் ஏறிட்டும் நோக்கியதில்லை. ‘பிரபாத்’ என்று ஊரார் தலைமுறை தலைமுறையாக அழைத்த கொட்டகை அது. அதன் வரலாற்றைச் சுருக்கமாக இம்மலரில் கூற விரும்புகிறோம்.

இந்நகரில் சினிமாவுக்கென்றே அமைந்த முதல் நிலையான கொட்டகை ‘ஆரியன்’ என்பதாகும். காய்கறிச் சந்தைக்கு அருகில் 1915-ஆம் ஆண்டில் கங்காதர் பந்த் பாடக் என்பவர் அதனைத் தொடங்கினார். அது ஊமைப் படக் காலம். வெண்திரையில் உருவங்கள் ஓட, திரையின் அடியில் அமர்ந்து வாத்தியக்காரர் வாசிப்பர். 1983-இல் ஆரியன் மறைந்தது.

1931-இல் ‘ஆலம் ஆரா’ என்ற ஹிந்திப் படமும், அதே ஆண்டில் நம் ‘காளிதா’ஸும் வெளிவந்தபின், கொட்டகை கட்டும் முறையே மாறலாயிற்று. வாத்தியக்காரருக்கு வேலையில்லாது போயிற்று. ஒலிபெருக்கி திரையின் பின்னே சென்றது. ஒலி தடையின்றி வெளிவருதற்பொருட்டுத் திரையில் நுண்துளைகள் இடப்பட்டன. கண்ணுக்கு மட்டும் வசதி செய்தாற் போதாது, எதிரொலியால் பேச்சுக் குழம்பாதவாறு சுவரையும் கூரையையும் அமைத்தல் வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. அக்காலப் பிலிம் எளிதில் தீப்பற்றக் கூடியதாகையால், இயந்திர அறையைத் தனியே கட்டி, ஒளி செல்லும் சிறு சாளரங்களுக்கு இரும்பு மூடிகளும் வைத்தனர்.

இம்மாறுதல்களின் நடுவே, 1934-ஆம் ஆண்டில் எழுந்ததே நம் கொட்டகை. இந்தூர் சமஸ்தானத்துச் சர்தார்களான கிபே குடும்பத்தாருக்கு உரிய அதற்குக் ‘கிபே லக்ஷ்மி தியேட்டர்’ என்பதே முதற்பெயர். எனினும் அதற்குப் புகழ் தந்தவர் குத்தகைக்காரரே.

1929-இல் கோலாப்பூரில் சாந்தாராம், தாம்லே, பத்தேலால், தாய்பர், குல்கர்ணி ஆகிய ஐவர் சேர்ந்து பிரபாத் பிலிம் கம்பெனியை நிறுவினர். 1933-இல் அது புனேக்குக் குடிபெயர்ந்தது. தாம்லேயும் பத்தேலாலும் இயக்கிய ‘சந்த் துக்காராம்’ 1936-இல் வெளிவந்து, மறு ஆண்டு வெனிஸ் நகரத் திரைப்பட விழாவில் பாராட்டுப் பெற்றது. அக்கம்பெனியின் பெயரையே கொட்டகையும் தாங்கியது. தாம்லே குடும்பத்தார் நெடுங்காலம் அதனை நடத்தி, மராட்டிப் படங்களுக்கு ஒரு தாய்வீடாகவே ஆக்கினர்.

இதில் தமிழருக்கும் ஓர் உறவு உண்டு. தமிழ்ப் பேசும் படங்கள் பல பம்பாயிலும் கல்கத்தாவிலும் தயாரான அந்நாளில், பிரபாத் கம்பெனியும் ‘சீதா கல்யாணம்’ என்னும் தமிழ்ப் படத்தை எடுத்தது. 1934-இல் வெளிவந்த அப்படத்தில் இராமனாக எஸ். ராஜமும், சீதையாக அவருடைய உடன்பிறந்த சகோதரி ஜெயலக்ஷ்மியும் நடித்தனர். பின்னாளில் வீணை வித்துவானாக விளங்கிய அவர்தம் இளவல் எஸ். பாலசந்தரும் அதில் சிறுவனாகத் தோன்றினார். பாபநாசம் சிவன் திரைக்கு இசையமைக்கத் தொடங்கியதும் இப்படத்தில்தான். மராட்டிய மண்ணின் கம்பெனி ஒன்று நம் மொழிக்கு அன்றே இடம் தந்தது என்பதை நினைக்க உள்ளம் நெகிழ்கின்றது.

கம்பெனி 1950-களில் கலைந்தது. அதன் ஸ்டூடியோ இருந்த இடத்தில் 1960-இல் மத்திய அரசாங்கத்தின் திரைப்படக் கல்விக் கழகம் தோன்றிற்று. கொட்டகை மட்டும் பிரபாத் என்ற பெயரை விடாது காத்து வந்தது. 2014-ஆம் ஆண்டின் இறுதியில் குத்தகைக் காலம் முடிவுற்றது. தாம்லே குடும்பத்தார் கட்டிடத்தை உரியவரிடம் ஒப்படைத்தனர். எண்பது ஆண்டுகளுக்குப் பின் ‘கிபே லக்ஷ்மி’ என்ற பழைய பெயரே மீண்டது. இதில் குறை கூறுதற்கு ஒன்றுமில்லை. உடைமை உடையவரைச் சேர்ந்தது. ஆயினும், முதியோர் பலர்க்கு அது இன்றளவும் பிரபாத்தே.

பிழைப்பின் பொருட்டு இவ்வூர் வந்த நாமும் குடியிருப்போரே. அரசாங்கக் குடியிருப்பிலோ வாடகை வீட்டிலோ பல்லாண்டு வாழ்ந்து, ஒருநாள் சாவியை ஒப்படைத்துவிட்டுச் செல்கின்றோம். மறுமாதமே வாயிலில் வேறொருவர் பெயர்ப் பலகை தொங்கும். ‘நமதன்றோ இவ்விடம், ஏன் உழைக்க வேண்டும்?’ என்று சோர்வோர்க்கு இக்கொட்டகையின் வரலாறு விடை கூறும். பிரபாத்தாருக்கும் அக்கட்டிடம் சொந்தமன்று. எனினும், குடியிருந்த காலத்தில் அவர்கள் செய்த பணியால் ஊர் அவர்களை நினைவில் வைத்துள்ளது.

அடுத்த ஜூன் மாதம் புத்தகம் வாங்கச் செல்லுங்கால், பெற்றோர் அங்கு ஒரு கணம் நின்று, பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொல்வாராக.