புதுச் சில்லும் பழைய விளையாட்டும்

ரப்பர் தோட்டத்தில் பாடுபட்ட நம் பெரியவர்களுக்கு ஒட்டு மரம் நன்றாகத் தெரியும். விதையில் முளைத்த கன்றின் தண்டில், அதிகப் பால் தரும் வேறொரு மரத்தின் மொட்டை வைத்துக் கட்டுவார்கள். மொட்டு ஒட்டிக்கொண்டதும் பழைய தலையை வெட்டிவிடுவார்கள். மேலே புது மரம். கீழே பழைய வேர். கணிப்பொறியின் கதையும் ஏறத்தாழ இதுதான்.

“பழைய கம்ப்யூட்டர்ல ஓடுன கேம் புதுசுல ஏன் ஓடமாட்டேங்குது?” என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அதற்கான விடை சுமார் 50 ஆண்டு வரலாற்றில் இருக்கிறது. லூமுட்டுக்கு வடக்கே உள்ள பினாங்குக்கும் அந்த வரலாற்றில் பங்கு உண்டு.

பினாங்குக்கு வந்த தொழில்

கணிப்பொறியின் மூளை, நகத்தளவுள்ள ஒரு சில்லு. ‘சிப்பு’ என்று நாம் சொல்வது அதைத்தான். அமெரிக்காவின் இன்டெல் நிறுவனம் வெளிநாட்டில் அமைத்த முதல் தொழிற்சாலை, 1972-ல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் எழுந்தது. அதன் போட்டி நிறுவனமான ஏ.எம்.டி.யும் அதே ஆண்டில் பினாங்குக்கு வந்தது. இந்த இரு நிறுவனங்களின் போட்டிதான் நம் கதையின் உயிர்நாடி.

1978-ல் இன்டெல் 8086 என்னும் சில்லை வெளியிட்டது. அதில் இருந்த மின் பொறிகள் சுமார் 29,000. அதன் தம்பியான 8088 சில்லை வைத்து ஐ.பி.எம். நிறுவனம் 1981-ல் தன் சொந்தக் கணிப்பொறியை விற்பனைக்கு விட்டது. அதற்காக உலகெங்கும் மென்பொருள்களும் விளையாட்டுகளும் எழுதிக் குவித்தார்கள்.

வேகம் தந்த வில்லங்கம்

அடுத்தடுத்து 1982-ல் 286, 1985-ல் 386, 1993-ல் பென்டியம் என்று சில்லுகள் வந்தன. பென்டியத்தில் மின் பொறிகள் 31 லட்சம். ஆனாலும் 1978-ன் கட்டளைகளை ஒவ்வொரு சில்லும் புரிந்துகொண்டது. பழைய மென்பொருள் ஓடாவிட்டால் புதிய சில்லை யார் வாங்குவார்?

ஓடியது, ஆனால் தலைதெறிக்க ஓடியது! சில பழைய விளையாட்டுகள் சில்லின் வேகத்தையே கடிகாரமாக நம்பி எழுதப்பட்டவை. சில்லு பத்து மடங்கு வேகமானால் விளையாட்டும் பத்து மடங்கு வேகமாகும். எதிரி வருவது கண்ணுக்குத் தெரியுமுன்னே ஆட்டம் முடிந்துவிடும். அதனால்தான் அக்காலக் கணிப்பொறிகள் பலவற்றில் ‘டர்போ’ என்றொரு பொத்தான் இருந்தது. பெயரைப் பார்த்தால் வேகம் கூட்டுவதுபோல் தெரியும். உண்மையில் அது பழைய மென்பொருளுக்காக வேகத்தைக் குறைப்பதற்கு வைத்தது.

சிம்சிட்டி என்ற விளையாட்டில் ஒரு பிழை இருந்தது. காலி செய்த வீட்டுக்குள் மறுபடியும் போய் உட்காருவதுபோல, விட்டுக்கொடுத்த நினைவகத்தை அது மீண்டும் பயன்படுத்தியது. விண்டோஸ் 95 தயாரானபோது அந்த விளையாட்டு நின்றுபோகக் கூடாது என்பதற்காக, மைக்ரோசாப்ட் பொறியாளர்கள் அதற்கென்றே தனி ஏற்பாடு செய்தார்கள்.

வேரை மறந்ததும் காத்ததும்

2001-ல் இன்டெல், ஹெச்.பி. நிறுவனத்துடன் சேர்ந்து இட்டேனியம் என்னும் புத்தம் புதிய வகைச் சில்லைக் கொண்டுவந்தது. பழைய மென்பொருள் அதில் தவழ்ந்துதான் போனது. ஏ.எம்.டி.யோ 2003-ல் பழைய கட்டளைகளின் மேலேயே 64 பிட் முறையை ஒட்டுக்கட்டியது. மக்கள் அதைத்தான் ஏற்றார்கள். மறு ஆண்டே இன்டெலும் அவ்வழிக்கு வந்தது. இட்டேனியம் 2021-ல் அடங்கிப் போயிற்று.

ஆயினும் ஒட்டுக்கட்டியபோது ஒரு வேர் அறுந்தது. 64 பிட் விண்டோஸில் 1980-களின் 16 பிட் மென்பொருள் நேரடியாக ஓடாது. பிள்ளைகளின் கேள்விக்கு விடை இதுதான்.

அதற்கும் மருந்து உண்டு. நெதர்லாந்துக்காரர் இருவர் 2002-ல் டாஸ்பாக்ஸ் என்னும் மென்பொருளை இலவசமாக வெளியிட்டார்கள். அது புதிய கணிப்பொறிக்குள் பழைய கணிப்பொறியாக வேடம் கட்டி நடிக்கும். வேகத்தையும் நாம் கூட்டிக் குறைக்கலாம். 1990-ல் ஐ.பி.எம். கணிப்பொறிகளுக்கு வந்த ‘பிரின்ஸ் ஆப் பெர்ஷியா’வை இன்றைய பிள்ளைகளும் இப்படி ஆடிப் பார்க்கலாம்.

நமக்கு என்ன?

“எல்லாம் விளையாட்டுத்தானே, போனால் போகட்டும்” என்று பெற்றோர்கள் நினைக்கலாம். ஆனால் விளையாட்டைக் காப்பாற்றிய அதே வழிதான் எழுத்தையும் காப்பாற்றும். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1980-களிலேயே ‘முரசு’ என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். யூனிகோடு பரவுமுன் வெவ்வேறு எழுத்து முறைகளில் தட்டெழுதிய தமிழ்க் கோப்புகளை இன்றைய கணிப்பொறியில் திறந்தால், புரியாத குறிகளாகத் தெரிவதுண்டு. தோட்டங்கள் செம்பனையாக மாறி, மக்கள் பட்டணம் போய்விட்ட இந்நாளில், அந்தப் பழைய டிஸ்குகளில் ஒரு கோயில் கணக்கோ ஒரு நாடகமோ ஒரு பள்ளி மலரோ உறங்கிக்கொண்டிருக்கலாம்.

ஏட்டுச் சுவடியைக் கரையான் அரித்தது. டிஸ்கின் காந்தப் பூச்சைக் காலம் அரிக்கிறது. சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தாரே உ. வே. சாமிநாத ஐயர், அவர் அளவுக்கு நாம் அலைய வேண்டியதில்லை. அலமாரியைத் திறந்து பார்த்தால் போதும். பழைய டிஸ்க் கிடைத்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கணிப்பொறி தெரிந்த பிள்ளைகளிடம் கொடுங்கள். மாணவச் செல்வங்களே, பழைய விளையாட்டை ஓடவைக்கத் தெரிந்த உங்களால், தாத்தா பாட்டியின் எழுத்தையும் மீட்க முடியும்.