நச்சு நிலத்தை மீட்கும் பணம்: அமெரிக்க மாநிலங்களுக்கான கூட்டாட்சி நிதி

அமெரிக்காவில் நச்சுக்கழிவால் கெட்டுப்போன நிலத்தையும் நீரையும் மீட்கும் வேலை, கூட்டாட்சி அரசும் மாநில அரசுகளும் சேர்ந்து சுமக்கும் பொறுப்பு. யார் எவ்வளவு தர வேண்டும், எந்த வேலைக்குத் தர வேண்டும், எத்தனை ஆண்டுக்குத் தர வேண்டும் என்பதை முதன்மையாக வரையறுப்பது 1980 டிசம்பரில் நிறைவேறிய சட்டம். மக்கள் அதை ‘சூப்பர்ஃபண்ட்’ என்றே அழைக்கிறார்கள். அதோடு, கையாளப்படும் கழிவுகளைக் கண்காணிக்கும் 1976ஆம் ஆண்டுச் சட்டமும், நிலத்தடி எரிபொருள் தொட்டிகளின் கசிவுக்கான நிதியும், கைவிடப்பட்ட தொழிற்சாலை மனைகளுக்கான 2002ஆம் ஆண்டுச் சட்டமும் மாநிலங்களுக்குப் பணம் கொண்டுவரும் மற்ற வழிகள்.

சூப்பர்ஃபண்டுக்குக் காரணமான ஊர், நியூயார்க் மாநிலத்தின் நயாகரா ஃபால்ஸ். அங்கே லவ் கெனால் என்ற பழைய கால்வாய்ப் பள்ளத்தில் ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம் சுமார் 21 ஆயிரம் டன் வேதிக்கழிவைக் கொட்டி, மண்ணால் மூடி, 1953இல் அந்த மனையைப் பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு டாலருக்கு விற்றது. அதன்மேல் பள்ளிக்கூடம் வந்தது. சுற்றிலும் வீடுகள் வந்தன. 1978 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் அவசரநிலை அறிவித்தபோதுதான், இப்படிப்பட்ட இடத்தைச் சுத்தம் செய்யக் கூட்டாட்சி அரசிடம் தனி நிதியே இல்லை என்பது நாட்டுக்குத் தெரிந்தது.

புதிய சட்டம் ஐந்தாண்டுக்கு 160 கோடி டாலர் நிதியை உருவாக்கியது. அதில் பெரும்பகுதி கச்சா எண்ணெய்க்கும் 42 வேதிப்பொருள்களுக்கும் விதித்த வரியிலிருந்து வந்தது. கழிவைக் கொட்டியவர் கண்டுபிடிக்கப்பட்டால் செலவு முழுவதும் அவர் தலையில் விழும். அவர் திவாலாகிவிட்டாலோ, அடையாளமே தெரியாவிட்டாலோதான் நிதி கைகொடுக்கும்.

அப்போதும் மாநிலம் சும்மா இருக்க முடியாது. நிரந்தரத் தீர்வுப் பணிக்கு ஆகும் செலவில் 10 விழுக்காட்டை அது தர வேண்டும். கழிவு கொட்டப்பட்ட இடத்தை மாநிலமோ உள்ளாட்சியோ நடத்தியிருந்தால் பங்கு குறைந்தது 50 விழுக்காடு. உடனடி ஆபத்தை நீக்கும் அவசரப் பணிக்கு மாநிலப் பங்கு கிடையாது. அதற்குப் பொதுவாக 20 லட்சம் டாலர், 12 மாதம் என்ற உச்சவரம்பு உண்டு. பெரிய வேலை தொடங்கும் முன் மாநிலம் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். தன் பங்கைத் தருவதாகவும், பணி முடிந்தபின் பராமரிப்புச் செலவு முழுவதையும் ஏற்பதாகவும் அதில் உறுதி அளிக்க வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் நிதியிலிருந்து நிரந்தரப் பணிக்குப் பணம் வராது.

பத்து விழுக்காடு எப்படிப்பட்ட தொகை என்பதை மிசௌரி மாநிலத்தின் டைம்ஸ் பீச் காட்டியது. புழுதி அடங்குவதற்காக 1970களின் தொடக்கத்தில் அந்தச் சிற்றூரின் தெருக்களில் தெளித்த கழிவு எண்ணெயில் டையாக்சின் என்ற நச்சு கலந்திருந்தது. 1982 டிசம்பரில் மெராமெக் ஆறு பெருகி ஊரை மூழ்கடித்தது. 1983 பிப்ரவரியில், சுமார் 2,000 பேர் வாழ்ந்த அந்த ஊரையே விலைக்கு வாங்குவதென்று கூட்டாட்சி அரசு அறிவித்தது. அதன் பங்கு 3 கோடியே 30 லட்சம் டாலர், மிச்சமிருந்த பத்தில் ஒரு பங்கு மிசௌரியுடையது. 1997இல் முடிந்த பணியில் 2 லட்சத்து 65 ஆயிரம் டன் மண்ணும் குப்பையும் எரிக்கப்பட்டன. 1999 முதல் அந்த இடம் ஒரு மாநிலப் பூங்கா.

டைம்ஸ் பீச் முடிவுக்கு வந்த கதை. முடிவே இல்லாத கதை கொலராடோவின் சம்மிட்வில். சான் வான் மலைத்தொடரில், 11 ஆயிரம் அடிக்கும் மேலான உயரத்தில் இருந்த தங்கச் சுரங்கம் அது. உடைத்த பாறையைக் குவித்து அதன்மேல் சயனைடு கரைசலை விட்டுத் தங்கத்தைப் பிரித்தார்கள். 1992 டிசம்பரில் அதை நடத்திய நிறுவனம் திவாலாகிச் சுரங்கத்தைக் கைவிட்டது. குவியலுக்குள் தேங்கி நின்ற நச்சுநீர் கரையைத் தாண்டும் நிலை. அந்தக் குளிர்காலத்திலேயே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அவசரப் பணியாக இடத்தைப் பொறுப்பேற்றது. கீழே ஓடும் அலமோசா ஆற்றில் ஏற்கெனவே மீன்கள் செத்துப்போயிருந்தன. 1994இல் சம்மிட்வில் சூப்பர்ஃபண்ட் இடங்களின் தேசிய முன்னுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. நிறுவனத்தின் முன்னாள் தலைவர் 2000ஆம் ஆண்டில் 2 கோடியே 77 லட்சம் டாலர் தர உடன்பட்டார். மொத்தச் செலவோ 15 கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

சயனைடு போனபின்னும் தொல்லை தீரவில்லை. வெட்டித் திறந்த பாறையில் காற்றும் பனியுருகிய நீரும் படும்போதெல்லாம் அமிலம் ஊறுகிறது. செம்பு முதலிய உலோகங்களைக் கரைத்துக்கொண்டு இறங்குகிறது. அந்த நீரைப் பிடித்து, சுண்ணாம்பைக் கலந்து அமிலத்தைத் தணித்து, உலோகத்தைப் படியவைத்து, தெளிந்த நீரை மட்டும் ஆற்றுக்கு விட வேண்டும். இந்த வேலைக்குக் கடைசித் தேதி இல்லை. நீரைச் சுத்திகரித்து மீட்கும் பணியை அதிகபட்சம் 10 ஆண்டுக்குத்தான் தீர்வுப் பணியாகச் சட்டம் கணக்கிடுகிறது. அதுவரை 90 விழுக்காடு கூட்டாட்சி அரசு தரும், பிறகு எல்லாமே மாநிலத்தின் தலையில். 2021இல் அந்த முறை கொலராடோவுக்கு வந்தது. ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் டாலர் செலவு இப்போது மாநிலத்துடையது. குப்பைக் கிடங்குகளில் கொட்டும் கழிவுக்கு வசூலிக்கும் சிறு கட்டணத்தைக் கொண்டு கொலராடோ இதற்கென ஒரு நிதியை வைத்திருக்கிறது. சுரங்கத்தால் ஒரு காசும் பார்க்காத குடும்பங்கள் அதன் அமிலத்துக்குப் பணம் கட்டுகின்றன. இந்த ஏற்பாட்டின் பெரிய அநியாயம் இதுதான்.

தேசிய முன்னுரிமைப் பட்டியலில் இடம்பெற, ஆபத்தை அளக்கும் முறையில் 28.5 மதிப்பெண் வேண்டும். அதற்குக் கீழே நிற்கும் எண்ணற்ற இடங்களை மாநிலங்களே பார்த்துக்கொள்கின்றன. அதற்கு ஆள் வேண்டும்: மண் மாதிரி எடுக்க, ஆய்வறிக்கையைச் சரிபார்க்க, பொறுப்பாளியிடம் கறாராகப் பேச. 2002ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலங்களுக்கும் பழங்குடி அரசுகளுக்கும் இதற்காக ஆண்டுக்கு 5 கோடி டாலர் வரை மானியம் தர அனுமதித்தது. 1976ஆம் ஆண்டுக் கழிவு மேலாண்மைச் சட்டத்தின் மானியத்தில் 75 விழுக்காடு கூட்டாட்சிப் பணம், 25 விழுக்காடு மாநிலப் பணம். பெரும்பாலான மாநிலங்கள் அந்தச் சட்டத்தைத் தாமே நடத்துகின்றன. பெட்ரோல் நிலையங்களின் தொட்டிக் கசிவுக்கு, ஒரு கேலன் எரிபொருளுக்கு 0.1 சென்ட் வரி தனி நிதியாகச் சேர்கிறது. இவையெல்லாம் செய்தித்தாள்களில் இடம்பிடிக்காத பணம். ஆனால் அனுபவமுள்ள ஊழியர்களை மாநிலங்கள் தக்கவைத்துக்கொள்வது பெரிதும் இந்தப் பணத்தால்தான். ஓர் ஆண்டு இது குறைந்தால், போன ஆளைத் திரும்பக் கொண்டுவர இன்னும் பல ஆண்டு பிடிக்கும்.

1995 டிசம்பர் 31ஆம் தேதியோடு சூப்பர்ஃபண்ட் வரிகள் காலாவதியாயின, நாடாளுமன்றம் புதுப்பிக்கவில்லை. கோடிக்கணக்கில் இருந்த சேமிப்பு 2003 வாக்கில் கரைந்தது. அதன்பின் பெரும்பகுதிச் செலவை ஆண்டுதோறும் பொது வருவாயிலிருந்து ஒதுக்க வேண்டியதாயிற்று. வடிவமைப்பு முடிந்து, மாநிலமும் தயாராக இருந்து, பணமில்லாமல் மட்டுமே காத்துக்கிடந்த இடங்களின் வரிசை நீண்டது.

2021 நவம்பரில் வந்த உள்கட்டமைப்புச் சட்டம் சூப்பர்ஃபண்ட் பணிகளுக்கு 350 கோடி டாலர் தந்தது. அடுத்த மாதமே 100 கோடி டாலர், காத்திருந்த 49 இடங்களுக்குச் சென்றது. அந்தத் தொகையில் நடக்கும் பணிக்கு மாநிலத்தின் 10 விழுக்காடு தேவையில்லை என்றும் சட்டம் சொன்னது. ஏழை மாநிலங்களுக்கு இது பெரிய ஆறுதல். பராமரிப்புச் செலவுக்கு மட்டும் விலக்கு இல்லை. மாநிலங்களின் சொந்தத் துப்புரவுத் திட்டங்களுக்கும் பழங்குடி அரசுகளுக்கும் ஐந்தாண்டில் 30 கோடி டாலர் கூடுதலாக ஒதுக்கப்பட்டது.

வரிகளும் திரும்பின. வேதிப்பொருள் வரி 2022 ஜூலை முதலும், பீப்பாய்க்கு 16.4 சென்ட்டில் தொடங்கிய கச்சா எண்ணெய் வரி 2023 ஜனவரி முதலும் வசூலாகின்றன. எண்ணெய் வரிக்கு முடிவுத் தேதி இல்லை. வேதிப்பொருள் வரி 2031 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிகிறது.